மாப்பிள்ளை எதற்காகக் கியூவில் நின்றார்?

கிருஷ்ணாயிலுக்குக் கியூவில் நின்றிருக்கிறேன். ரேஷன் சர்க்கரைக்கு நின்றிருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நாத்தனார் வீட்டில் மாட்டிக்கொண்டு, ஒரு பாக்கெட் பாலுக்காக முழங்கால் தண்ணீரில் நின்றதும் உண்டு. ஆனால் துப்பாக்கி வாங்க ஜனங்கள் கியூவில் நிற்பதை என் 62-ஆவது வயதில்தான் பார்த்தேன். அந்தக் கியூவில் என் மாப்பிள்ளையும் நின்றார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக 2020 பிப்ரவரியில் திருச்சியிலிருந்து அமெரிக்கா போனேன். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. ஏப்ரல் கடைசியில் நாள் கொடுத்திருந்தார்கள். மூத்தவனுக்கு, என் பேரனுக்கு, அப்போது நாலு வயது. பிரசவ லேகியம், சுக்கு, பெருங்காயம், பழைய வேட்டித் துணி எல்லாம் மூட்டை கட்டி எடுத்துப் போயிருந்தேன். கொரோனா என்ற பேர் டி.வி.யில் அடிபட்டுக்கொண்டிருந்ததே தவிர, அது நம் வாசலுக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்?

மார்ச் 13-ஆம் தேதி அமெரிக்காவில் தேசிய நெருக்கடி நிலை அறிவித்தார்கள். அந்த வாரத்தோடு பள்ளிக்கூடங்களும் மூடிவிட்டன. மறுநாள் சனிக்கிழமை காலையில் மகளும் நானும் கடைக்குப் போனால், அரிசி இருந்த அலமாரி காலி. டாய்லெட் பேப்பர் இருந்த இடத்தில் வெறும் இரும்புச் சட்டம்.

‘எதற்கும் இருக்கட்டும்’

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்திய மளிகைக் கடையில் மூன்றே மூன்று மூட்டை அரிசி மிச்சம் இருந்தது. மூன்றையும் வண்டியில் ஏற்றச் சொன்னேன். “எதுக்கும்மா இத்தனை? ஒண்ணு போதாதா?” என்றாள் மகள். “எதுக்கும் இருக்கட்டும்டி” என்றேன். எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

அதனால், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மூன்று மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி வந்து, “நானும் ஒண்ணுக்குப் பணம் கட்டிட்டேன்” என்று சொன்னபோது, அவரைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை?

என்ன வாங்கினார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. கைத்துப்பாக்கி! ஐநூறு டாலருக்கு மேல் விலை. கடை வாசலில் நீண்ட கியூவாம். கல்வர் சிட்டி என்ற பகுதியில் ஒரு துப்பாக்கிக் கடை வாசலில் ஜனங்கள் வளைந்து வளைந்து நிற்பதை அன்றைக்கு டி.வி.யிலும் காட்டினார்கள்.

நம் ஊரில் துப்பாக்கி என்றால் பாங்கு வாசலில் காவலாளி தோளில் தொங்கும், அவ்வளவுதான். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் யாரும் வைத்துக்கொள்ள முடியாது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ளவர்களும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். கஷ்ட காலம் வந்தால் நாம் ஆயுதத்தை உள்ளே வாங்கி வைக்கிறோம். அங்கே கஷ்ட காலம் வந்தால் வெளியே போய் வாங்குகிறார்கள்.

மாப்பிள்ளை முரட்டு மனிதர் அல்ல. கரப்பான் பூச்சியைக் கூடக் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிறவர். “அத்தை, நாளைக்கு சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு வந்தா ஜனங்க என்ன செய்வாங்கன்னு தெரியாது. போலீஸ்காரங்களுக்கே நோய் வந்துட்டா யார் வருவாங்க? ஆசியாக்காரங்க முகத்தைப் பார்த்தாலே சில பேர் திட்டறாங்க. கியூவில எனக்கு முன்னால நின்னது ஒரு சீனக் குடும்பம். எதுக்கும் இருக்கட்டும்னுதான்...” என்றார்.

அதே வார்த்தை. எதற்கும் இருக்கட்டும். என் வாயிலிருந்து வந்தால் அரிசி, அவர் வாயிலிருந்து வந்தால் துப்பாக்கி. பயம் ஒன்றுதான்.

பத்து நாள் அவகாசம்

கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. பணம் கட்டிய அன்றே துப்பாக்கியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் குற்றவாளியா, சட்டம் தடுத்தவரா என்று விசாரணை நடக்கும். எப்படி இருந்தாலும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். கோபத்திலோ பயத்திலோ ஓடி வருகிறவர்களுக்கு மனசு ஆறட்டும் என்பதும் அதில் ஒரு நோக்கம். தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக விற்கவும் கூடாது. மாப்பிள்ளையிடம் கிரீன் கார்டு இருந்ததால் அவருக்கு அந்தத் தடை இல்லை.

அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மகள் எட்டாம் மாதத்து வயிற்றோடு, “நாலு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது வரக்கூடாது” என்றாள். “பிள்ளை இருக்கிறதாலதான் வேணும்” என்றார் அவர். இரண்டு பேர் சொல்வதும் பிள்ளை மேல் உள்ள பாசம்தான். நடுவில் மாமியார் நான் என்ன சொல்வது? சமையலறையைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

முறுக்கு டின்

பேரனுக்காக ஒரு டின் நிறைய தேன்குழல் பிழிந்து வைத்திருந்தேன். காலை, மதியம், ராத்திரி என்று அவன் அதையே தின்ன ஆரம்பித்தான். சரி, கண்ணில் படாமல் வைப்போம் என்று படுக்கையறை அலமாரியில் மேல்தட்டில், சூட்கேசுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். என்னாலேயே முக்காலி போட்டு ஏறித்தான் எடுக்க முடியும்.

நாலாம் நாள் மத்தியானம் வீடு நிசப்தமாக இருந்தது. பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தம் இல்லை என்றால் ஏதோ நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். போய்ப் பார்த்தால், சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அதன்மேல் தலையணைகளை அடுக்கி, துணி வைக்கும் டிராயர்களைப் படிப்படியாக வெளியே இழுத்து, அதில் கால் வைத்து ஏறியிருக்கிறான். டின் மடியில் இருக்கிறது. “நீ இங்கே வைக்கிறதை நான் கதவு இடுக்கால பார்த்தேனே பாட்டி” என்றான்.

ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, சத்தம் கேட்டு வந்து வாசற்படியில் நின்றார். நாற்காலியைப் பார்த்தார், டிராயரைப் பார்த்தார், மேல்தட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “அத்தை, நான் அதை அந்தத் தட்டிலதான் வைக்கணும்னு நினைச்சிருந்தேன்.”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க. பூட்டி வைக்கிறீங்கன்னே வெச்சுக்குவோம். சாவி யார்கிட்ட இருக்கும்? ராத்திரி ரெண்டு மணிக்குத் திருடன் வந்தா, பெட்டியைத் திறந்து, தோட்டாவைத் தனியா எடுத்துப் போட்டுன்னு நேரம் ஆகுமே? சீக்கிரம் கைக்கு வரணும்னா பூட்டக்கூடாது. பூட்டலைன்னா இவன் இருக்கான்.”

அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் கிடையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இதைத்தான் சொல்கிறது: குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே மிகப் பத்திரம். இருந்தே ஆக வேண்டும் என்றால் தோட்டா போடாமல் பூட்டி வைக்க வேண்டும். தோட்டாவைத் தனியாக இன்னோர் இடத்தில் பூட்டி வைக்க வேண்டும்.

தோட்டா எங்கே போச்சு?

இன்னொரு வேடிக்கை. துப்பாக்கிக்குப் பணம் கட்டியாகிவிட்டது, தோட்டா கிடைக்கவில்லை! ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாப்பிள்ளை ஏழெட்டுக் கடைகளுக்குப் போன் செய்தார். ‘இல்லை’ என்றார்கள், அல்லது ‘ஆளுக்கு ஒரு பெட்டிதான், அதுவும் வந்தால்தான்’ என்றார்கள். முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு யோசித்தால், இது நம் மளிகைக் கடைக் கணக்குத்தான்.

ஒரு பெட்டியில் 50 தோட்டா. புதிதாக 50 லட்சம் பேர் ஆளுக்கு இரண்டே பெட்டி வாங்கினால் 50 கோடி தோட்டா. அலமாரி காலியாவதைப் பார்த்ததும், ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவர், ஒன்று வாங்க வந்த இடத்தில் ஐந்து வாங்குவார். ஆலையிலோ திடீரென்று கூட்டிச் செய்ய முடியாது. தோட்டாவின் அடியில் ‘பிரைமர்’ என்று ஒரு குட்டி மூடி இருக்கிறது. தட்டினால் தீப்பற்றுவது அதுதான். அதைப் பெரிய அளவில் செய்யும் கம்பெனிகள் அந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தோட்டா செய்யும் பெரிய கம்பெனிகளில் ஒன்றான ரெமிங்டன் 2020 ஜூலையில் திவால் மனு வேறு கொடுத்தது. தோட்டா ஒன்றுக்கு 20 சென்ட் போல இருந்த விலை, வருஷக் கடைசிக்குள் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இது புதிதும் அல்ல. 2008-இல் ஒபாமா ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, சட்டம் கடுமையாகிவிடும் என்று பயந்து வாங்கினார்கள். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்தில் 20 பிஞ்சுக் குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் ‘இனி கிடைக்காது’ என்ற பயத்தில் வாங்கிக் குவித்தார்கள். சாதாரண .22 தோட்டாகூட அடுத்த வருஷம் முழுவதும் கிடைக்காமல் போயிற்று.

பத்தாவது நாள், மார்ச் 25. அதற்கு முதல் நாள்தான் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் ஷெரீப், துப்பாக்கிக் கடைகள் அத்தியாவசியம் அல்ல, மூட வேண்டும் என்று சொல்லியிருந்தார். மூடு, திற, மூடு என்று ஒரு வாரம் இழுத்தது. மத்திய அரசு அந்தக் கடைகளையும் அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்ததும், மாதக் கடைசியில் ஷெரீப் பின்வாங்கினார்.

கடை திறந்த பிறகு மாப்பிள்ளை போனார். துப்பாக்கியை எடுத்து வரவில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, கொஞ்சம் பணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்ததை வாங்கி வந்தார். பின்கதவுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள், ஆள் நடமாடினால் தானாக எரியும் விளக்கு இரண்டு, தெருக்காரர்கள் எல்லோருடைய போன் நம்பரும் ஒரே காகிதத்தில்: அந்தப் பணத்திலும் அந்த வாரத்திலும் செய்தது இதுதான்.

பக்கத்து வீட்டு அம்மாள்

வாங்கினவர்கள் எல்லாம் புத்தி கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் எழுபது வயதில் ஒரு அம்மாள், கணவர் இல்லை, தனியாக இருக்கிறார். அவரும் அந்த மார்ச்சில்தான் முதன்முதலாக ஒன்று வாங்கினார். வேலி ஓரமாக நின்று எங்களிடம் அவரே சொன்னார். பேரன் அவர் தோட்டத்தில் எலுமிச்சம்பழம் பொறுக்கப் போகிறவன்.

மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “எங்கே வெச்சிருக்கீங்க? பூட்டியிருக்கா?” எனக்கு உடம்பு கூசியது. அடுத்த வீட்டுப் பெரியவரிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. படுக்கையறைத் தரையோடு திருகி இறுக்கிய இரும்புப் பெட்டி, சாவி தன் கழுத்துச் சங்கிலியில் என்று எடுத்துக் காட்டினார். “கேட்டது நல்லது” என்றார். இப்படிக் கேட்பதை அங்கே மருத்துவர்களே சொல்லித் தருகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டால் பிள்ளைகள் பிழைக்கும் என்று அதற்கு ஓர் இயக்கமே இருக்கிறது.

அந்த ஒரு ராத்திரி

ஏப்ரல் கடைசியில் மகளுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு மேல் கூட இருக்க அனுமதி இல்லை. மாப்பிள்ளை போனார். நானும் பேரனும் மட்டும் வீட்டில்.

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். பின்பக்கம் ‘தடார்’ என்று சத்தம். பிறகு ஏதோ உருளும் சத்தம். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் ‘ஐயோ, அவர் அதை வாங்கியிருக்கலாமே’ என்றுதான் நினைத்தேன். கை கால் நடுங்க, சப்பாத்திக் கட்டையை எடுத்துக்கொண்டு இருட்டில் நடந்தேன். பின்னால் ஏதோ அசைந்தது. கட்டையை ஓங்கித் திரும்பினேன்.

“பாட்டி, தண்ணி...” கண்ணைக் கசக்கிக்கொண்டு என் பேரன்.

வெளியே தானாக விளக்கு எரிந்தது. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு ஒரு ராக்கூன் ஓடியது. நம் ஊர் மரநாய் போல ஒரு பிராணி. கட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன். கையில் இருந்தது சப்பாத்திக் கட்டை என்பதற்காக எத்தனை சாமிக்கு நன்றி சொன்னேன் என்று கணக்கில்லை. விடிகாலையில் போன் வந்தது. பேத்தி பிறந்திருந்தாள்.

பயம் போன பிறகு

அந்த ஆகஸ்டில் ‘வந்தே பாரத்’ விமானத்தில் ஊர் திரும்பினேன். அதற்குப் பிறகும் இந்த விஷயம் என் மனசை விட்டுப் போகவில்லை. கிடைத்ததைப் படித்தேன்.

2020 மார்ச் மாதத்தில் மட்டும் துப்பாக்கிக்கான விசாரணைகள் 37 லட்சத்தைத் தாண்டின. 1998-இல் அந்த முறை வந்ததிலிருந்து அதுவரை எந்த மாதத்திலும் அத்தனை வந்ததில்லை. மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் பிடியில் இறந்து, ஊரெங்கும் போராட்டம் எழுந்ததும், ஜூனில் அது 39 லட்சமாக ஏறியது. விசாரணை எண்ணிக்கையும் விற்ற துப்பாக்கி எண்ணிக்கையும் ஒன்றல்ல. ஆனாலும் பயத்தின் அளவு தெரிகிறது அல்லவா? 2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை சுமார் 75 லட்சம் பேர் முதல் முறையாகத் துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் ஆனார்கள் என்று ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அதில் பாதிப்பேர் பெண்கள். அதுவரை துப்பாக்கியே இல்லாத வீடுகளில் இருந்த சுமார் 50 லட்சம் குழந்தைகள், இப்படித் துப்பாக்கியோடு ஒரே வீட்டில் வசிக்க நேர்ந்தது.

பயந்தபடி திருடர்கள் வந்தார்களா? எல்லோரும் வீட்டிலேயே இருந்ததால் வீடு புகுந்து திருடுவது அந்த வருஷம் குறைந்தது. கொலைகளோ ஏறக்குறைய 30 சதவீதம் கூடின. அதற்குக் காரணம் பல. ஆனால் ஒன்று மட்டும் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதே 2020-இல்தான், அந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணமாக, வாகன விபத்தைத் தாண்டித் துப்பாக்கி வந்தது.

பெண்களுக்கு இன்னொரு செய்தி. கலிபோர்னியாவில் செய்த பெரிய ஆராய்ச்சி ஒன்று 2022-இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள் கொலையுண்டு சாவது, துப்பாக்கி இல்லாத வீட்டில் இருப்பவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டிலேயே கணவன் அல்லது துணையின் கையால் சுடப்பட்டுச் சாவது ஏழு மடங்கு. அப்படிச் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வெளியிலிருந்து வருகிறவனுக்காக வாங்கியது, உள்ளே இருப்பவர்களைத்தான் அதிகம் தொட்டது.

பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு மனச்சோர்வு வருவதுண்டு. வேலை போன ஆண்களுக்கும் வரும். வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றுகிற அந்தக் கெட்ட நேரத்தில் கைக்கு எட்டுவது துப்பாக்கியாக இருந்தால், பிழைப்பவர் மிகக் குறைவு. அந்த நேரத்தைக் கடந்துவிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள். வீட்டில் யாராவது அப்படிப் பேசினால், அதைத் தூரத்தில் வைப்பதும், தயங்காமல் டாக்டரிடம் அழைத்துப் போவதும் உயிரைக் காக்கும்.

மகளோ மகனோ அங்கே இருக்கிறார்களா?

நம்மில் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். போன் பேசும்போது “சாப்பிட்டியா?” என்று கேட்கிறோம். கூடவே இவற்றையும் கேளுங்கள்:

• வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? இருந்தால் தோட்டா எடுத்துவிட்டுப் பூட்டியிருக்கிறதா? தோட்டா வேறு இடத்தில் பூட்டியிருக்கிறதா?

• சாவியோ நம்பரோ யாரிடம் இருக்கிறது? பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். முறுக்கு டின்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

• பேரன் பேத்தி விளையாடப் போகும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார்களா? கூச்சம் வேண்டாம். ‘குழந்தைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது’ என்று சொல்வதுபோல் சாதாரணமாகக் கேட்கலாம்.

• எங்காவது துப்பாக்கியைப் பார்த்தால் தொடாதே, அங்கேயிருந்து வந்துவிடு, பெரியவர்களிடம் சொல் என்று பிள்ளைக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களா? சொல்லித் தந்தால் போதும் என்று இருந்துவிடவும் கூடாது, பூட்டுத்தான் முக்கியம்.

நான் வாங்கிய மூன்று மூட்டை அரிசியில் ஒரு மூட்டையை, கிடைக்காமல் தவித்த இரண்டு தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தோம். மீதியைச் சாப்பிட்டுத் தீர்த்தோம். கொஞ்சம் வண்டு வந்தது, புடைத்துக் கொண்டேன். பயத்தில் வாங்கிய அரிசி அப்படித் தீர்ந்துபோகும். துப்பாக்கி தீராது. கொரோனா போய், கியூ கலைந்து, பயந்ததே மறந்துபோன பிறகும், எடுக்க ஆளில்லாமல் அலமாரியில் இருக்கும். ஒருநாள் மத்தியானம் வீடு நிசப்தமாக இருக்கும்போது, நாற்காலி இழுத்துப் போட்டு ஏற ஒரு பிள்ளையும் இருக்கும்.